பிறந்த தேதிகளில் சூழலின் தடம்: மாதவாரிக் கணக்கைப் படிக்கும் முறை

மனிதர்களுக்கு இனப்பெருக்கப் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் குழந்தைகள் பிறக்கின்றன. ஆனாலும் போதுமான பிறந்த தேதிகளைத் திரட்டி மாதவாரியாக அடுக்கினால் மேடும் பள்ளமும் தெரியாத இடம் அரிது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் பிறப்பு தாழ்ந்து, ஆகஸ்ட், செப்டம்பரில் உயர்ந்தது. வட ஐரோப்பாவில் அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் உச்சம் வசந்தத்தில் விழுந்தது. இந்த மேடு பள்ளங்களுக்கு வெயில் காரணமா, பட்டினியா, பகலின் நீளமா, திருமண மாதமா, அல்லது பதிவேட்டை எழுதியவரின் பழக்கமா என்று பிரித்தறியும் வழியை இங்கே சொல்கிறோம். விரிதாள் மென்பொருளும் பள்ளிக் கணிதமும் இருந்தால் போதும்.

இது புதிய முயற்சி இல்லை. பிரான்சில் வில்லெர்மே என்ற மருத்துவர் 1831-லேயே பிறப்புகளை மாதவாரியாகப் பிரித்து, ஒன்பது மாதம் பின்னுக்குத் தள்ளி, கருத்தரித்த மாதங்களைக் கண்டு, அவற்றைப் பருவநிலையோடும் உணவுத் தட்டுப்பாட்டோடும் திருமணங்களோடும் தவக்கால விரதத்தோடும் ஒப்பிட்டார். அவர் கேட்ட கேள்விகளைத்தான் இன்றும் கேட்கிறோம். கருவிகள் மட்டுமே கூர்மையாகியிருக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதைவிட, நிகழ்வு நடந்து எத்தனை மாதம் கழித்துப் பள்ளம் விழுந்தது என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கீழே உள்ள திருத்தங்கள் எல்லாம் அந்த இடைவெளியைப் பிழையில்லாமல் அளப்பதற்காகத்தான்.

பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியவை

ஒவ்வொரு பிரசவத்துக்கும் இவை தேவை: பிறந்த தேதி, பதிவு செய்த தேதி, தாய்க்கு இது எத்தனையாவது பிரசவம், தாயின் வயது, தாய் வழக்கமாக வசிக்கும் ஊர், உயிருடன் பிறந்ததா இறந்து பிறந்ததா, ஒற்றையா இரட்டையா. கர்ப்ப வாரங்களும் பிரசவ முறையும் கிடைத்தால் கணக்கு இன்னும் கூராகும். பெயர், முகவரி, அடையாள எண் எதுவும் வேண்டாம். தரவு கைக்கு வருவதற்கு முன்பே அவற்றை நீக்கித் தரச் சொல்லுங்கள். சிறிய ஊர் என்றால் தேதியும் தாயின் வயதும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் காட்டிவிடும். அங்கே வயதை ஐந்தாண்டுத் தொகுதிகளாக வாங்குவது நல்லது.

பிறந்த தேதியும் பதிவு தேதியும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதே பெரும்பாலான தவறுகளின் வேர். தாமதமாகப் பதிவான குழந்தைகளுக்குச் சில அலுவலகங்களில் ஒரு தோராயத் தேதியை எழுதிவிடுவார்கள். ஜனவரி 1, மாதத்தின் முதல் நாள், 15-ஆம் தேதி போன்றவை வீங்கி நிற்கும். பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும் இடங்களில், அதற்குச் சற்று முன்பாகப் பிறந்தநாளை எழுதிவைக்கும் வழக்கமும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை போதும். மாதத்தை மறந்துவிட்டு, 1 முதல் 31 வரை எந்தத் தேதியில் எத்தனை பிறப்பு என்று எண்ணுங்கள். 1 முதல் 28 வரை ஒவ்வொரு தேதிக்கும் மொத்தத்தில் ஏறக்குறைய 3.29 சதவீதம் வர வேண்டும். 29-க்கு 3.08, 30-க்கு 3.01, 31-க்கு 1.92. முதல் தேதிக்கு மட்டும் 5 அல்லது 6 சதவீதம் வந்தால், பிறந்து ஓர் ஆண்டுக்கு மேல் கழித்துப் பதிவானவற்றை ஒதுக்கிவிட்டு மீண்டும் எண்ணுங்கள். வீக்கம் அப்போதும் வடியவில்லை என்றால் அந்தப் பதிவேடு மாதவாரிக் கணக்குக்கு உதவாது. எவ்வளவு உழைப்புப் போட்டிருந்தாலும் அதை விட்டுவிடுவதே முறை.

இரட்டைக் குழந்தைகளை ஒரு பிரசவமாக எண்ணுங்கள், ஏனென்றால் நாம் தேடுவது கருத்தரிப்பை. இறந்து பிறந்தவற்றையும் அதே காரணத்துக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனையின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டாம். தொலைவிலிருந்து வரும் தாய்மார்களின் எண்ணிக்கை சாலை, மழை, விடுமுறை, மருத்துவர் வருகை என எதனாலும் மாறும். தாயின் வசிப்பிடத்தை வைத்து எண்ணினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

எத்தனை பிறப்புகள் போதும்

இந்தக் கேள்வியைத் தவிர்ப்பவர்கள்தான் இல்லாத பருவங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு மாதத்தின் எண்ணிக்கை தற்செயலாகவே எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 100-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த ஆட்டம் சதவீதத்தில் கிடைக்கும். மாதம் 100 பிறப்பு என்றால் 10 சதவீதம் தானாகவே ஆடும். 400 என்றால் 5, 2,500 என்றால் 2 சதவீதம். பருவத்தால் வரும் ஏற்ற இறக்கமோ பல இடங்களில் சராசரியிலிருந்து 5 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஆகவே ஆண்டுக்கு 1,200 பிரசவம் நடக்கும் ஒரு வட்டாரத்தின் ஓராண்டுக் கணக்கு எதையும் சொல்லாது. அதே வட்டாரத்தின் பத்தாண்டுக் கணக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் சுமார் 1,000 பிறப்பு சேரும், ஆட்டம் 3.2 சதவீதமாகக் குறையும். அப்போது 10 சதவீதப் பள்ளம் தெளிவாகத் தெரியும், 5 சதவீதப் பள்ளம் ஐயத்துக்குரியதாகவே இருக்கும். தற்செயல் ஆட்டத்தின் இரு மடங்கைத் தாண்டாத எதையும் கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள்.

மாதங்களைச் சமப்படுத்துதல்

பிப்ரவரி 28 நாள், மார்ச் 31 நாள். வேறு எந்தக் காரணமும் இல்லாமலேயே பிப்ரவரியின் எண்ணிக்கை மார்ச்சைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்திருக்கும். நாம் தேடும் பருவ விளைவின் அளவும் அதேதான். எனவே மாத எண்ணிக்கையை அந்த மாதத்தின் நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை பிறப்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள். லீப் ஆண்டில் பிப்ரவரிக்கு 29.

ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 12,000 பிறப்பு, அதாவது நாளுக்கு 32.88. பிப்ரவரியில் 924, மார்ச்சில் 961 என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு மார்ச் உயர்ந்தது. நாட்களால் வகுத்தால் பிப்ரவரி 33.0, மார்ச் 31.0. ஆண்டுச் சராசரியை 100 என்று கொண்டால் பிப்ரவரி 100.4, மார்ச் 94.3. உயர்ந்ததாகத் தெரிந்த மாதம் உண்மையில் பள்ளம்.

அடுத்து நீண்டகாலப் போக்கை நீக்க வேண்டும். ஆண்டுக்காண்டு பிறப்பு குறைந்துவரும் இடத்தில் டிசம்பர் எப்போதும் ஜனவரியைவிடத் தாழ்ந்தே தெரியும். அது பருவம் அல்ல, சரிவு. இதற்கு நடுவமைந்த 12 மாத நகரும் சராசரி போதும். ஜூலை மாதத்துக்கு அதே ஆண்டு ஜனவரியில் பாதி, பிப்ரவரி முதல் டிசம்பர் வரை முழுதாக, அடுத்த ஆண்டு ஜனவரியில் பாதி ஆகியவற்றைக் கூட்டி 12-ஆல் வகுக்கவும். ஜூலையின் நாள்வாரி எண்ணை இந்தச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அந்த ஜூலையின் குறியீடு வரும். தொடரின் முதல் ஆறு மாதங்களுக்கும் கடைசி ஆறு மாதங்களுக்கும் குறியீடு கிடைக்காது, அது இயல்பே. பல ஆண்டுகளின் ஜூலைக் குறியீடுகளைச் சேர்க்கும்போது சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை எடுத்தால், ஒரு கொள்ளைநோய் ஆண்டு மட்டும் முழு முடிவையும் கெடுக்காது. கடைசியில் பன்னிரண்டு மாதக் குறியீடுகளின் கூட்டுத்தொகை 1,200 வருமாறு சமப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிசேரியனும் மருந்து கொடுத்து வலி வரவைப்பதும் மிகுந்த இடங்களில் சனி, ஞாயிறு பிறப்பு வெளிப்படையாகக் குறையும். மாதக் கணக்கில் இதன் பாதிப்பு சிறியது. நாள்வாரிக் கணக்கு போடுவதானால் வார நாளுக்கும் தனித் திருத்தம் வேண்டும்.

கருத்தரித்த நாளுக்குத் திரும்புதல்

கருத்தரித்ததிலிருந்து பிறப்புக்குச் சராசரியாக 266 நாள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 280. மருத்துவமனைச் சீட்டுகளில் இருப்பது இரண்டாவது கணக்கு. அதை அப்படியே கழித்தால் கருத்தரிப்பு இரண்டு வாரம் முன்னதாக விழுந்துவிடும். பருவ மாற்றத்தின் விளிம்பில் இரண்டு வாரம் சிறிய பிழை அல்ல.

ஜனவரி 15-இல் பிறந்த குழந்தைக்கு 266 நாள் கழித்தால் முந்தைய ஆண்டு ஏப்ரல் 24 வரும். அதாவது ஒன்பது மாதம் பின்னால் போய், ஒன்பது நாள் முன்னால் வர வேண்டும். ஜனவரி முழுவதும் பிறந்தவர்கள் ஏப்ரல் 10 முதல் மே 10 வரை கருவானவர்கள். அதனால் ‘ஜனவரிப் பிறப்பு, ஏப்ரல் கரு’ என்று மாதத்தை மாதமாகத் தள்ளுவதில் ஒரு பகுதி மே மாதத்துக்குச் சேர வேண்டியது. தேதிகள் கையில் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக 266-ஐக் கழித்து, பிறகு மாதமாகத் தொகுங்கள். கர்ப்ப வாரங்கள் தெரிந்தால், வாரத்தை 7-ஆல் பெருக்கி 14-ஐக் கழித்து, வரும் நாட்களைப் பிறந்த தேதியிலிருந்து கழிப்பதே சரியான முறை. அப்போதுதான் குறைமாதக் குழந்தைகள் தவறான மாதத்துக்குப் போகாமல் இருப்பார்கள்.

கர்ப்ப நீளம் ஆளுக்கு ஆள் ஓரிரு வாரம் மாறும். எனவே வாரத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. மாதம்தான் இந்தக் கருவியின் எல்லை.

இடைவெளி எதைச் சொல்கிறது

பிறப்பு, கருத்தரிப்பு வரிசைகள் தயாரானதும் அவற்றருகே சூழலின் வரிசைகளை வையுங்கள்: நாள்வாரிச் சராசரி வெப்பநிலை, மழை, அறுவடை மாதங்கள், பகல் நீளம், நோய்ப்பரவல். பிறகு ஒவ்வொரு வரிசையையும் 0 மாதம் முதல் 14 மாதம் வரை தள்ளித் தள்ளி, எந்த இடைவெளியில் பிறப்பு அசைகிறது என்று பாருங்கள்.

*ஒன்பது மாத இடைவெளி* என்றால் அந்தச் சூழல் நிலவியபோதே கருத்தரிப்பு நின்றிருக்கிறது. இதன் மிகத் தெளிவான சான்று நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் 1944–45 பனிக்காலத்தில் வந்த பஞ்சம். உணவுப் பங்கீடு நாளுக்கு 1,000 கிலோகலோரிக்கும் கீழே போனது, பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றது, பஞ்சத்தின் உச்சத்துக்கு ஒன்பது மாதம் கழித்துப் பிறப்பு சுமார் பாதியாகச் சரிந்தது. 1945 மே மாதம் விடுதலைக்குப் பின் உணவு வந்தது, பிறப்பும் அதே ஒன்பது மாத இடைவெளியில் திரும்ப எழுந்தது. இறங்கியதும் ஏறியதும் ஒரே இடைவெளியில் நடந்திருப்பதால் காரணத்தைப் பற்றி ஐயம் எழவில்லை.

பஞ்சம் அளவுக்குப் போக வேண்டியதில்லை. மத்திய ஆப்பிரிக்காவின் இட்டூரி காட்டில் வாழும் லேசே உழவர்களிடம் பீட்டர் எலிசனும் உடன் பணியாற்றியவர்களும் எச்சிலில் உள்ள ஹார்மோன்களை அளந்தார்கள். அறுவடைக்கு முந்தைய பசிக்காலத்தில் பெண்களின் எடை குறைந்தபோது சினைப்பையின் செயல்பாடும் தணிந்தது, கருத்தரிப்பும் அந்த மாதங்களில்தான் மிகக் குறைவு. அதே காட்டில், அதே மழையிலும் வெயிலிலும் வாழ்ந்து, பயிரை அவ்வளவாக நம்பியிராத எஃபே மக்களிடம் அத்தகைய பருவ ஏற்ற இறக்கம் தெரியவில்லை. வானிலை பொதுவாக இருந்தும் விளைவு வேறுபட்டதால், காரணம் உணவுதான் என்று நிலைநாட்ட முடிந்தது. ஒப்பீட்டுக்கு மக்களைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படி ஓர் இணை அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உடலில் குறைந்தபட்சக் கொழுப்பு இருந்தால்தான் மாதவிடாய்ச் சுழற்சி நடக்கும் என்ற கருத்தை ரோஸ் ஃபிரிஷ் 1970-களில் முன்வைத்தார். பின்னர் வந்த அளவீடுகள் சேமிப்பைவிடத் திசைக்கே அழுத்தம் தருகின்றன. பெண் ஒல்லியா பருமனா என்பதைக் காட்டிலும், அந்த மாதம் எடை இழக்கிறாளா ஏற்றுகிறாளா, உழைப்பு எவ்வளவு கடுமை என்பதே முக்கியம். ஆகவே எடைத் தரவு சேகரிப்பதானால் ஆண்டுக்கு ஒருமுறை பலரை நிறுப்பதில் பயன் குறைவு. ஒரே பெண்களை மாதாமாதம், ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறுத்து, முந்தைய மாதத்திலிருந்து வந்த மாற்றத்தைக் குறியுங்கள்.

*ஒன்பதிலிருந்து பதினொன்றரை மாதம் வரை* பரவிய பள்ளம் என்றால் ஆண் பக்கத்தையும் பாருங்கள். விதைப்பை உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்து இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும், அதன்பின் விந்தகத்தை ஒட்டிய சுருள்குழாயில் முதிர்ந்து வெளியேற மேலும் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். வெப்பமோ காய்ச்சலோ தாக்கினால் விளைவு அன்றே முழுதாகத் தெரியாது. அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பரவலாக வரும். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் வெளிப்புற வேலை செய்யும் ஆண்களிடம் 1990-இல் வெளிவந்த ஆய்வு, கோடையில் விந்தணுச் செறிவு பனிக்காலத்தைவிடக் குறைந்ததைக் காட்டியது. அமெரிக்காவின் 1931–2010 தரவை ஆராய்ந்த பொருளியலாளர்கள், நாளின் சராசரி வெப்பநிலை சுமார் 27 டிகிரியைத் தாண்டிய நாட்கள் கூடினால் 8 முதல் 10 மாதம் கழித்துப் பிறப்பு குறைவதைக் கண்டார்கள். வெப்பத்தில் தாம்பத்திய உறவு குறைவதும் இதே இடைவெளியில்தான் விழும் என்பதால், பிறப்புக் கணக்கு மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்கு விந்துப் பரிசோதனைத் தரவு தனியாக வேண்டும்.

*ஆறு, ஏழு மாத இடைவெளி* என்றால் கருத்தரிப்பு நடந்திருக்கிறது, கரு தங்கவில்லை. 1918 இலையுதிர்கால இன்ஃபுளுவென்சாவுக்குப் பிறகு அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பிறப்பின் பள்ளம் சாவுகளின் உச்சத்துக்கு ஆறிலிருந்து ஏழு மாதத்துக்குள் விழுந்தது. மக்கள் அச்சத்தால் விலகி இருந்திருந்தால் ஒன்பது மாதம் ஆகியிருக்கும். நோய் தாக்கியபோது முதல் மூன்று மாதத்தில் இருந்த கர்ப்பங்கள் கலைந்தன என்பதே பொருந்தும் விளக்கம். ஒரே கொள்ளைநோய்க்கு இரண்டு வேறு கதைகள் சொல்ல முடிந்திருக்கும். இரண்டரை மாத வேறுபாடுதான் எது உண்மை என்று காட்டியது.

*உடனடி எழுச்சியும் அடுத்தடுத்த நாட்களில் சரிவும்* தெரிந்தால், பிறக்க இருந்தவர்கள் சில நாள் முன்னதாகப் பிறந்திருக்கிறார்கள். கடும் வெயில் நாட்களில் இது நடக்கிறது. இதைக் கருத்தரிப்புக் கணக்கோடு சேர்த்தால் குழப்பமே மிஞ்சும். முன்பு சொன்னபடி கர்ப்ப வாரங்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

*பதினொன்று முதல் பதின்மூன்று மாதத்தில் ஒரு சிறு மேடு* என்றால் அது தள்ளிப்போன பிறப்பு. வெயில் மாதத்தில் கருத்தரிக்காமல் போன தம்பதிகள் அடுத்த மாதங்களில் முயல்கிறார்கள், அவர்களில் பலர் வெல்கிறார்கள். மேலே சொன்ன அமெரிக்கத் தரவிலும் இந்த மீட்சி தெரிந்தது. ஆனால் இழந்தது முழுவதையும் அது ஈடுகட்டவில்லை. சூழல் பிறப்பின் நேரத்தை மாற்றியதா, எண்ணிக்கையையே குறைத்ததா என்ற கேள்விக்கு விடை இந்த மேட்டின் அளவில் இருக்கிறது. பள்ளத்தில் குறைந்ததையும் மேட்டில் கூடியதையும் தனித்தனியாகக் கூட்டி ஒப்பிடுங்கள். பலர் பத்தாவது மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால் சேதத்தை மிகைப்படுத்துகிறார்கள். பதினான்காவது மாதம் வரை போகச் சொன்னது இதற்காகவே.

பாலூட்டலின் எதிரொலியையும் கவனியுங்கள். அடிக்கடி பால் குடிப்பதால் கருமுட்டை வெளிப்படுவது தள்ளிப்போகிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் மட்டுமே தரப்படுகிறது, மாதவிடாய் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு என்று 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த குங் மக்களின் தாய்மார்கள் மணிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் பாலூட்டியதை 1980-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அவர்களிடம் பிள்ளைக்குப் பிள்ளை ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளி இருந்தது. கணக்குக்கு இதன் பொருள்: ஒரு மாதத்தில் பிறப்பு குவிந்தால், அந்தத் தாய்மார்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் மீண்டும் கருத்தரிக்கத் தகுதியாவார்கள், இரண்டு மூன்று ஆண்டு கழித்து இன்னொரு குவியல் வரும். அந்த ஆண்டின் வானிலையில் காரணம் தேடினால் கிடைக்காது. குழந்தைச் சாவு மிகுந்த பருவத்துக்குப் பிறகு பாலூட்டல் நின்றுவிடுவதால் கருத்தரிப்பு சற்று உயர்வதும் இந்த வகைதான்.

மனிதர்களின் நாட்காட்டியைப் பிரித்தெடுத்தல்

திருமணங்கள் சில மாதங்களில் குவியும் சமூகத்தில் முதல் பிரசவங்களும் குவியும். எனவே முதல் பிரசவத்தையும் மற்றவற்றையும் தனித்தனிக் கோடுகளாக வரையுங்கள். மேடு முதல் பிரசவத்தில் மட்டும் இருந்தால் திருமண மாதம்தான் காரணம். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்திலும் அதே மாதத்தில் மேடு நின்றால் வேறு எதையோ தேட வேண்டும். கணவன் ஆண்டில் பல மாதம் வெளியூரில் வேலை செய்யும் இடங்களில் இந்தச் சோதனை போதாது, ஏனென்றால் பிரிவு எல்லாப் பிரசவங்களையும் ஒன்றுபோலப் பாதிக்கும். அங்கே ஊரைவிட்டுப் போகாத தொழில் செய்பவர்களைத் தனியாக எடுத்து ஒப்பிடுங்கள்.

விரதமும் பண்டிகையும் காரணமா என்று அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் சூரிய நாட்காட்டியில் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. பிறப்பின் பள்ளமும் பத்தாண்டில் மூன்றரை மாதம் நகர்ந்திருந்தால் அது நோன்பைப் பின்பற்றுகிறது. அசையாமல் நின்றால் பருவத்தைப் பின்பற்றுகிறது. சூரிய நாட்காட்டியில் அசையாத விடுமுறைகளுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே பூமியின் தென்பாதியைத் துணைக்கு அழையுங்கள். அங்கு விடுமுறை அதே டிசம்பரில் வந்தாலும் பருவம் ஆறு மாதம் தலைகீழ்.

பருவத்தை நீக்கிவிட்டுப் பார்ப்பது

இந்த ஒரு படியைச் செய்யாமல் விடுவதால்தான் பெரும்பாலான ஆய்வுகள் வீணாகின்றன. ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் எந்த இரண்டு வரிசைகளை அருகருகே வைத்தாலும், தக்க இடைவெளியில் அவை பொருந்தும். மே மாத வெயிலுக்கும் பிப்ரவரிப் பிறப்புக்கும் உள்ள பொருத்தம், மே மாதத்தில் நடக்கும் வேறு எதற்கும் பிப்ரவரிப் பிறப்புக்கும் இருக்கும். ஆகவே அந்தப் பொருத்தம் சான்று ஆகாது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு மே மாத வெப்பநிலையிலிருந்தும் எல்லா மே மாதங்களின் சராசரியைக் கழியுங்கள். பிறப்புக் குறியீட்டிலும் அவ்வாறே அந்தந்த மாதத்தின் சராசரியைக் கழியுங்கள். மிஞ்சுவது வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்பது மட்டும். வழக்கத்தைவிட 2 டிகிரி கூடிய மே மாதத்துக்கு ஒன்பது மாதம் கழித்து, பிறப்பு வழக்கத்தைவிடக் குறைந்ததா? 1 டிகிரி மட்டும் கூடிய ஆண்டில் குறைவும் பாதியளவா? ஆம் என்று பல ஆண்டுகள் சொன்னால் வெப்பத்தின் மீது குற்றம் சாட்டலாம்.

பகல் நீளத்துக்கு இந்த முறை பயன்படாது. அது எல்லா ஆண்டும் ஒரே மாதிரிதான், வழக்கத்துக்கு மாறான ஆண்டு என்று ஒன்றே இல்லை. அட்சரேகையை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நிலநடுக்கோட்டில் பகல் ஆண்டு முழுதும் 12 மணி நேரத்தைச் சற்றே தாண்டி நிற்கும். 60 டிகிரி வடக்கில் அது ஏறக்குறைய 6 மணியிலிருந்து 19 மணி வரை மாறும். பகல் நீளம் காரணமானால் துருவத்தை நோக்கிப் போகப் போக ஏற்ற இறக்கம் கூட வேண்டும், பத்தாண்டுகள் கடந்தும் உச்ச மாதம் மாறாமலும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வடக்கிலிருந்து தெற்கே போகும்போது பிறப்பின் உச்சம் ஆண்டின் பிற்பகுதியை நோக்கி நகர்வது உண்மை. ஆனால் வடக்கே இருந்து தெற்கே போனால் வெப்பமும் மாறுகிறது. அதோடு தொழில்மயமான பல நாடுகளில் உச்ச மாதம் சில தலைமுறைகளுக்குள் இடம் மாறியிருக்கிறது, சூரியன் மாறவில்லை. பகல் நீளத்துக்கு மனிதரிடம் சிறு பங்கு இருக்கலாம், ஆனால் முதல் காரணமாக அதை வைப்பதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் விலக்கிக் காட்ட வேண்டும்.

ஒரு நிகழ்வைச் சோதிக்கும்போது

1965 நவம்பர் 9 அன்று நியூயார்க் இருளில் மூழ்கியது. அடுத்த ஆகஸ்டில் சில மருத்துவமனைகளில் ஒரு நாள் பிரசவம் வழக்கத்தைவிட மிகுந்ததாகச் செய்தி வந்து, மின்வெட்டால் குழந்தைகள் பெருகின என்ற நம்பிக்கை வேரூன்றியது. ரிச்சர்ட் உட்ரி 1970-இல் நகரம் முழுவதன் பிறப்புகளை எடுத்து, முந்தைய ஐந்து ஆண்டுகளின் அதே நாட்களோடு ஒப்பிட்டார். எந்த உயர்வும் இல்லை. செய்தியில் வந்த எண்கள் சில மருத்துவமனைகளின், ஒரு நாளின் எண்கள். அதுவும் ஆகஸ்ட், எப்படியும் பிறப்பு உயர்ந்திருக்கும் மாதம்.

ஆனால் இதிலிருந்து மின்வெட்டுக்கு விளைவே கிடையாது என்று முடிவுகட்டுவதும் தவறு. சான்சிபார் தீவில் 2008-இல் ஒரு மாதம் நீடித்த மின்தடைக்குப் பிறகு பிறப்பு கூடியதை 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. ஒரே இரவின் விளைவு, கர்ப்ப நீளத்தின் ஓரிரு வார மாறுபாட்டில் கரைந்துவிடும். ஒரு மாத நிகழ்வு கரையாது.

எனவே நிகழ்வைச் சோதிக்கும் முன்பே மூன்றை எழுதிவைத்துவிடுங்கள்: எந்தத் தேதிகளுக்குள் விளைவை எதிர்பார்க்கிறீர்கள், எந்த ஆண்டுகளோடு ஒப்பிடப் போகிறீர்கள், எந்த நிலப்பரப்பு. கருத்தரிப்பு நாளுக்கு 266 கூட்டி, இரு பக்கமும் இரண்டு வாரம் விட்டால் தேதிச் சாளரம் கிடைக்கும். நிகழ்வு ஒரு நாள் என்றால் சாளரம் நான்கு வாரம், ஒரு மாதம் என்றால் இரண்டு மாதம். எண்களைப் பார்த்த பிறகு சாளரத்தை நகர்த்தக் கூடாது.

தனி ஒருவருக்கு இதில் என்ன இருக்கிறது

மிகக் குறைவுதான். மாதவாரிக் கணக்கில் 5 சதவீத வேறுபாடு ஆயிரக்கணக்கான தம்பதிகளின் கூட்டுத்தொகையில் தெரிவது. எந்த மாதத்தில் முயல்வது என்று ஒரு தம்பதி முடிவுசெய்ய அது உதவாது. சுழற்சிக்குள் நேரம் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பயன்படும்: கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறு நாட்களே கருத்தரிக்கும் நாட்கள். ஆணுக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் விந்துப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது, இல்லாவிட்டால் காய்ச்சலின் தடத்தை நிரந்தரக் குறை என்று எடுத்துக்கொள்ள நேரும். கடும் பயிற்சியாலோ எடை வேகமாகக் குறைந்ததாலோ மாதவிடாய் மூன்று மாதம் நின்றுவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முடிவை எழுதும்போது

குறியீடுகளோடு அசல் எண்ணிக்கைகளையும் பட்டியலாகத் தாருங்கள், எத்தனை பதிவுகளை எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினீர்கள் என்பதையும் சேருங்கள். வரைபடத்தில் செங்குத்து அச்சை 90-இலிருந்து 110 வரை வெட்டிக் காட்டினால் அப்படி வெட்டியதை எழுத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் தற்செயல் ஆட்டத்தின் இரு மடங்கைக் கோடாகப் போடுங்கள். பிறப்பு மாதத்தையும் கருத்தரிப்பு மாதத்தையும் ஒரே படத்தில் கலக்காமல் இரண்டாக வரையுங்கள், கழித்தது 266 நாளா, 280 நாளா, மாதத்தை மாதமாகவா என்பதைப் படத்தின் அடியிலேயே குறியுங்கள்.